கேமராவுக்கு வேர்த்த கல்யாணம்

போன கார்த்திகை மாதம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போனபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. மழை மேல் எரிச்சல், மழை உறை விற்கிறவர்கள் மேல் எரிச்சல், கடைசியில் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து நிற்கிற எரிச்சல்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அஞ்சாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்து, முதலாளி டீ குடிக்கப் போகிற நேரத்தில் கேமராவைத் தொட்டுத் தொட்டே தொழிலைக் கற்றவன். இன்றைக்கு அடிவாரம் போகிற ரோட்டில் சொந்தக் கட்டடம், சொந்த ஸ்டுடியோ. அப்பன் கல்யாணமும் நான் எடுத்தது, மகன் கல்யாணமும் நான் எடுத்தது என்று சொல்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

நாற்பது வருடத் தொழிலில் என்னைத் தோற்கடித்தது ஒன்றே ஒன்று, கேமராவுக்குப் போடுகிற மழை உறை. முதலில் ஒன்று வாங்கினேன். தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி மாதிரி மெல்லிசு. காற்றடித்தால் அது சலசலக்கிற சத்தம் நாதஸ்வரத்தையே அமுக்கிவிட்டது. மூன்றாவது கல்யாணத்தில் கிழிந்தது. அடுத்தது துணி உறை. இரண்டு பக்கமும் முழுக்கை வைத்துத் தைத்திருந்தான். கையை உள்ளே விட்டால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று துழாவுவதற்குள் மாப்பிள்ளை மாலை மாற்றி உட்கார்ந்துவிடுவார். ஓரத்தில் தண்ணீர் வேறு கசிந்தது. இதற்குப் போய் ஆயிரம் யோசனை சொல்ல ஆள் இருந்தார்கள். கடைக்காரன் ஒன்று சொல்வான், மைத்துனன் ஒன்று சொல்வான், செல்போனில் பார்த்துவிட்டு என் மருமகள் ஒன்று சொல்வாள்.

கடைசியில் நானே போய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கனமான ரப்பர் மாதிரிப் பை. லென்ஸுக்கு முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி. வாயை மடித்து இரட்டை ஜிப் போட்டால் எறும்பு போக இடமில்லை. வெளியிலிருந்தே பட்டனை அழுத்தலாம். அதோடு ஆங்கிலத்தில் ஒரு காகிதமும், சின்னதாக இரண்டு வெள்ளைப் பொட்டலங்களும் வந்தன. காகிதத்தை நான் படிப்பதில்லை. பொட்டலம் என்னத்துக்கு, மென்று தின்பதற்கா என்று குப்பையில் போட்டேன். பையைச் சோதிக்காமல் விட்டேனா என்றால் இல்லை. உள்ளே ஒரு கைக்குட்டையை வைத்து மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் கால் மணி நேரம் வைத்தேன். கைக்குட்டை காய்ந்தபடியே வந்தது. கடைக்காரனுக்குப் போன் போட்டு, இனிமேல் உறை கேட்டு வருகிறவனை என்னிடம் அனுப்பு, நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் அடிவாரத்திலேயே தூறல். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அங்கேயே கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடித்தபோது மலை முழுக்க மழையும் மேகமும். குளிர் எலும்பைத் தொட்டது.

கிளியூர்ப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடு. பெண்ணின் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, அதில் படர்ந்த கொடியில் மிளகு பறித்தபோது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கல்யாணம் மேலே மாரியம்மன் கோயிலில். அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மழையில் படியெல்லாம் பாசி வழுக்குகிறது, தூக்குகிறவன் சறுக்கினால் இன்னொரு முறை விழுவார் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். புது வேட்டி, புதுச் சட்டையில் தலையணைக்குச் சாய்ந்திருந்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, மத்ததெல்லாம் எப்படியோ போவுது. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏர்றத மட்டும் எனக்குக் காமிச்சிருங்க."

"கண்ணாடியாட்டம் காமிக்கிறேன். நீங்க கோயில்ல இருந்தாக்கூட அவ்வளவு தெளிவா தெரியாது" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கோயிலில் தகரக் கொட்டகைக்குள் மணமக்களும் ஐயரும் உட்காரத்தான் இடம். நான் வெளியே மழையில் நின்றேன். என் பை இருக்கும்போது என்ன. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எல்லாப் போனையும் மடியில் வைக்கச் சொன்னேன். "படத்துல உங்க கையா தெரியணும்? நான் எதுக்கு வந்திருக்கேன்?" என்று ஒரு சத்தம் போட்டேன். எல்லோரும் உள்ளே வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு.

அப்போதுதான் பெண்ணின் அத்தை பக்கத்தில் வந்தார். படுத்திருக்கிறவருக்கு அக்கா. எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காய வைக்கிற பெண்களுக்கு மேஸ்திரி. பட்டுச்சேலைக்கு மேல் உரச்சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டிருந்தார். குனிந்து என் பையின் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உள்ளுக்குள்ள வேர்த்துக் கெடக்குதாட்ட இருக்குதுங்களே."

"வேர்க்கறதுக்கு அது என்ன மனுசனா அம்மிணி? மெஷினு."

"களத்துல காப்பி காயறப்ப மழ வந்தா தார்ப்பாயக் கொட்ட மேல போட்டு அமுக்க மாட்டோமுங்க. கம்பு நட்டுத் தூக்கிக் கட்டி, கீழ காத்துப் போவ எடம் உடுவோம். அமுக்கிப்புட்டா மழ நனைக்காதுங்க, வேர்வையே நனச்சுப்புடும். ஒரே நாள்ல பூசணம்."

"காப்பியும் கேமராவும் ஒண்ணா? நான் நாப்பது வருசமாப் புடிக்கிறேன்."

"அப்பச் சரிங்க. எனக்கு நாப்பத்திரெண்டு வருசம். அது வெறும் காப்பிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்கி வர அனுப்பினார். நான் கேமராவின் திரையைப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. மேகம் இறங்கிவிட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், பெண்ணின் நெற்றிச் சுட்டியில் இருக்கிற கல் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தேன். போகவில்லை. வெளியே இருந்தால்தானே போகும்? அடிவாரத்தின் வெக்கைக் காற்றைப் பைக்குள் போட்டுப் பூட்டி மலைக்குக் கொண்டுவந்தவன் நான். குளிர் பட்டதும் அது உள்பக்கமாகப் படிந்து, முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை உள்ளே போகவில்லை. அந்த மட்டில் பை சொன்ன வாக்கைக் காப்பாற்றியது.

பையைப் பிரித்துவிடலாம் என்று ஜிப்பைப் பிடித்தால் ஈரக் கைக்கு வழுக்குகிறது. இரட்டை ஜிப் வேறு. ஒன்று வந்தால் இன்னொன்று வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம். பல்லில் ஜிப்போடு நான் தலையைத் தூக்கியபோது என் வழுக்கைத் தலை மேலேயே அட்சதை விழுந்தது. தாலி ஏறிவிட்டது.

அந்த நிமிடம் எனக்கு யாரிடம் கத்துவது என்று தெரியவில்லை. பையை உருவி எறிந்தேன். கேமரா முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினேன். என் தலைக்கு மேல் மழை நின்றது. அத்தை ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அந்தக் குடைக்குக் கீழேதான் மீதிக் கல்யாணம் முழுவதையும் எடுத்தேன். அத்தனையும் சுத்தமாக வந்தது.

படி இறங்கும்போது மனதுக்குள் ஒரு பதில் தயார் செய்தேன். மேகம் இறங்கிவிட்டது, ஏற்காட்டில் இது சகஜம், யார் என்ன செய்ய முடியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மலையில் மேகத்தின் மேல் பழி போட்டால் மேகம் வந்து மறுக்கவா போகிறது?

வீட்டுக்குள் போனதும் மணமக்கள் பெண்ணின் அப்பா காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கினார்கள். பிறகு சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப் போய்விட்டார்கள். கட்டிலுக்கு எதிரே டிவியை ஏற்கனவே தூக்கி வைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். கதவோரம் அத்தை குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டுனது படத்துல விழலீங்க. தப்பு என்னுது. உங்க அக்கா சொன்னாங்க, நான் கேக்கல. மத்தவங்க போனையும் நாந்தான் எடுக்க உடல" என்றேன்.

அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்ததை என் மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை, கறுப்பாகத்தான் இருந்தது. பிறகு, "சரி உடுங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க. எப்படிக் கட்டுனாங்கன்னு வாயில சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார்.

தப்பு என்னுடையது என்று சொன்னதைவிட அடுத்த வார்த்தை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றடி தூரத்தில் நின்றவன் நான். ஜிப்பைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

"நானும் பாக்கலீங்க" என்றேன்.

அத்தைதான் வந்து தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொங்காடையைக்கூட எடுக்கவில்லை.

"நாஞ்சொல்றன் சாமி. மாப்பள தாலிய எடுத்தாரு. கயிறு ஈரம், மொத முடிச்சு வழுக்கிருச்சு. இவ குனிஞ்ச தலையோட, மெதுவாக் கட்டுங்க, நான் எங்கியும் ஓடிற மாட்டன்னு சொன்னா. ஐயரே சிரிச்சுப்புட்டாரு."

"அழுதாளா?"

"மழையில எது கண்ணுத் தண்ணி, எது வானத்துத் தண்ணின்னு ஆரு கண்டா. கட்டி முடிச்சதும் படி இருக்கற பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தா. உன்னத்தான் தேடுனா, வேற ஆர."

நான் எப்போது கேமராவை எடுத்து எதிரே இருந்த டிரங்குப் பெட்டி மேல் வைத்தேன், எப்போது பட்டனை அழுத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் விரல் போர்வையை முறுக்கியது. சிரித்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவும் பதிவாகியிருந்தது.

படத்தைக் கொடுத்த ஒரு மாதம் கழித்து அத்தை போன் செய்தார். பெண், அப்பா கேட்டுக்கொண்டிருக்கிற அந்த இடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாளாம். நான் உயிரைக் கொடுத்து எடுத்த மீதி இரண்டு மணி நேரத்தை ஒருத்தரும் சீண்டுவதில்லையாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

இப்போது யார் மழை உறை வாங்கினாலும், அடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா, ஒரே இழுப்பில் கழற்ற வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். கூட வருகிற வெள்ளைப் பொட்டலம் உள்ளே ஈரத்தை உறிஞ்சுவதற்கு, அதைக் குப்பையில் போடாதே என்றும் சொல்கிறேன். நான் வாங்கிய அந்த உயர்ந்த பையில் என் மனைவி அப்பளம் போட்டு வைத்திருக்கிறாள். நமுத்துப் போகவே இல்லை, நல்ல சாமான் வாங்கினீர்கள் என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாள்.

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணமாக இருந்தாலும், கெட்டிமேளம் கேட்டதும் கேமரா அதன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, தாலி ஏறுவதை என் சொந்தக் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வர முடியாமல் படுத்திருக்கிற யாராவது ஒருவர் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.