மூன்றாம் நாள் அவிழ்த்த கட்டு

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் கழுத்தில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. முற்றிய தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டும் கத்தி. என் கழுத்து அவ்வளவு கெட்டியும் அல்ல. அன்பான சபையாரே, அந்தக் கத்திக்கும் எனக்கும் இடையில் கர்த்தர் வந்து நின்ற விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் என் முட்டாள்தனமும் வரும். அதை விட்டுவிட்டால் சாட்சி பாதியாகிவிடும்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஞாயிறு மாலைகளில் பெரியவர்களுக்குச் சரித்திரம் சொல்வேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஐரோப்பாதான் எனக்குப் பிடித்த பாடம். ஞானஸ்நானம் வாங்கிய கையோடு சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கொன்றுபோட்ட பிராங்கு ராஜா. முழுக்கு வேண்டுமா, தலை போக வேண்டுமா என்று சாக்சன்களைக் கேட்ட இன்னொரு ராஜா. இரத்தம் சொட்டச் சொட்டச் சொல்வேன். லயத்து வரிசை வீடுகளின் சனம் வாய் பிளந்து கேட்கும். முன்வரிசையில் வீராசாமி இருப்பான். மலையில் கவ்வாத்து வெட்டுபவன்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் காலத்து நீதி. குற்றம் சாட்டப்பட்டவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது எட்டு எடுத்துவைத்து நடக்க வேண்டும். கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் சுத்தமாக இருந்தால் நிரபராதி. சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. கேட்டவர்கள் மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். நானும் மூன்று ஞாயிறு சொன்னேன்.

அந்த மாதம் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அதை நடத்தியவன் வீராசாமியின் அண்ணன் மாரிமுத்து. தேடுகிறார்கள் என்று தெரிந்து பழைய கொக்கோ குடிசையில் ஒளிந்திருந்தான். புதன்கிழமை விடியற்காலை தோட்டத்தை நடத்தும் துரையின் அடியாட்கள் நேராக அங்கே போனார்கள். மண்வெட்டிப் பிடியால் அவன் தலையைப் பிளந்து, செத்தான் என்று நினைத்து வடிகால் கானுக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை துரையின் பங்களாவுக்குப் போய்வந்த ஒரே ஆள் நான்.

வியாழன் காலை வகுப்பில் இருந்து என்னை இழுத்துப் பிரட்டுக் களத்தில் போட்டார்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும் அந்த வெட்டவெளியில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். முதல் உதையில் இரண்டு பல் போயிற்று.

"பங்களாவுக்கு என்னாத்துக்குப் போனீங்க மாஸ்டர்?" என்றான் வீராசாமி. கத்தியைப் பிடித்துக்கொண்டும் மரியாதையாகத்தான் கேட்டான்.

"பள்ளிக்கூடத்துக்குத் தகரம் கேட்கப் போனேன்."

பொய். பங்களாச் சமையல்காரர் கூட்டத்தில் இருந்தார்.

"தகரமா? தகரத்தப் பத்தி ஒரு வார்த்தையும் பேசலியே. துரையோட அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு."

கத்தி அழுந்தியது. சட்டைக்குள் சூடாக வழிந்தது. "மாரியம்மன் கோயில்ல வந்து கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும், விட்டுடலாம்" என்றார் ஒரு கிழவர். எங்கள் தோட்டங்களில் அதற்கு மேல் சாட்சியம் கிடையாது. நானோ பல் போன வாயால், "நான் கிறிஸ்தவன், அம்மன் முன்னால் சத்தியம் செய்ய மாட்டேன்" என்றேன். இரத்தசாட்சியாகப் போகிற பெருமை அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது.

"சரி, ஒங்க ஆளுங்க வழியிலேயே பாத்துருவோம்" என்றான் வீராசாமி. "நீங்கதான மூணு வாட்டி சொன்னீங்க?"

அலவாங்குத் துண்டு ஒன்றை, உடைந்த கடப்பாரையின் முனையை, உலையில் காய்ச்சினார்கள். கிச்சிலிப் பழம்போல் சிவந்து வந்தது. என் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒன்பது எட்டும் நடந்தேன். சபையாரே, விசுவாசத்தால் நடக்கவில்லை. விட்டெறிந்தால் கத்தி. நாலாவது எட்டில் பன்றி வாட்டுகிற மணம் வந்தது. அது நான்தான் என்று புரிய இன்னும் இரண்டு எட்டு ஆனது. ஒன்பதாவதில் இரும்பை உதறினேன். தோலும் கூடப் போயிற்று. துணியால் கட்டி, சிவப்பு நூல் சுற்றி, மெழுகு வைத்தார்கள். நான் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு கவனமான மாணவர்கள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

பிள்ளைக் காம்பராவில் பூட்டினார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் அறை. கூரையில் தொட்டில் கயிறுகள் தொங்கின. வெள்ளிக்கிழமை முழுவதும் ஜெபித்தேன். ஜெபமா அது? ஞாயிற்றுப் பள்ளி நடத்தியது, குடிக்காமல் இருந்தது என்று என் நற்செயல்களை வரிசையாக ஒப்பித்தேன். கையைச் சுத்தமாக வைத்துத் தாரும் என்று கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. கை விம்மித் தெறித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மனம் விட்டு அழுதேன்.

அழுது ஓய்ந்தபோது ஒன்று உறைத்தது. ஒன்றரை நாளாகக் கர்த்தரைக் கூப்பிட்டிருக்கிறேன். மண்டை பிளந்து கிடக்கிற மாரிமுத்துவின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவன் பிழைக்கட்டும். என்னை உம்முடைய இஷ்டப்படி செய்யும்." அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை, சபையார் நீங்கள் எங்கோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரம், என்னைக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டை அவிழ்க்க வீராசாமி வந்தான். மாரிமுத்துவின் மனைவி பொன்னம்மா அவனை விலக்கினாள்.

"அடிபட்டது எங்க வீட்டு ஆளு. நாந்தான் பாப்பேன்."

நூலை அறுத்தாள். துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளும் பச்சையுமாக வழிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவள் பொத்தவில்லை. குனிந்து பார்த்தாள்.

"சீழ் புடிச்சிருக்கு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

வீராசாமி கத்தியை ஓங்கினான். நான் கண்ணை மூடிவிட்டேன்.

"இரு தம்பி. ஒங்கண்ணன் மண்டையிலயும் இப்ப சீழ்தான் வடியுது. காலையில நாந்தான தொடச்சேன். அப்ப அவரும் காட்டிக் குடுத்தவரா?"

"அது வேற அண்ணி."

"என்னாடா வேற? நாத்தமும் ஒண்ணு, நெறமும் ஒண்ணு. சீழ் புடிச்சவன்லாம் குத்தவாளின்னா, மொதல்ல ஒங்கண்ணன வெட்டிட்டு வா."

வேப்பிலை போட்ட வெந்நீர்ச் சட்டி ஒன்றை அவள் கொண்டுவந்திருந்தாள். கணவனுக்கென்று காய்ச்சியது. அதில் என் கையைப் பிடித்து முக்கினாள். இரும்பை விட அது அதிகம் எரிந்தது.

வீராசாமியின் கத்தி மெல்லத் தாழ்ந்தது. "அப்ப பங்களாவுக்கு என்னாத்துக்குத்தான் போனீங்க?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். "புத்தகம் வாங்க. நான் சொன்ன கதையெல்லாம் துரையின் அலமாரியிலிருந்து வந்தது. எல்லாம் என் சொந்தப் படிப்பு என்று நீங்கள் நினைத்தீர்கள். வேலைநிறுத்த நேரத்தில் துரையிடம் இரவல் வாங்குவதைச் சொல்ல வெட்கப்பட்டேன். கட்டிலுக்கடியில் இருக்கிறது, பாருங்கள்."

போய் எடுத்து வந்தார்கள். காகிதத்தில் சுற்றிய தடித்த புத்தகம். சமையல்காரர் வாங்கிப் பார்த்தார். "துரை புத்தகந்தான். அவரு முத்திரை இருக்கு." வீராசாமி புரட்டினான். இரும்பைத் தூக்கி நடக்கிற ஒருவனின் படம் இருந்த பக்கத்தில் நின்றான். படத்தைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.

"மொதல்லயே இதச் சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா மாஸ்டர்?"

கத்தியை மண்ணில் குத்திவிட்டு உட்கார்ந்தான். அழுதான். நானும்.

மாரிமுத்து பிழைத்தான். ஒரு கண்ணில் பார்வை இல்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. என் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டேன். எழுத்து கேவலமாக இருப்பதாக நம் சபைப் பத்திரிகையின் அச்சுக்கோப்பவர் சொல்கிறார். முன்பும் அப்படித்தான் இருந்தது. ஆனால் யாராவது எங்கே போனாய் என்று கேட்டால் இப்போது உண்மையைச் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லித் தொந்தரவு செய்கிறேன். அந்த ராஜாக்களின் கதைகளை இப்போதும் சொல்வதுண்டு. வெட்டியவனைப் பற்றிச் சொல்லும்போது வெட்டுப்பட்டவனுக்கு வீடு இருந்தது, பெண்டாட்டி இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கூட்டம் குறைந்துவிட்டது.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் கேட்ட சுத்தமான கையை அவர் தரவில்லை. அவரை அறியாத ஒரு பெண்ணுக்கு எனக்காகப் பேசும் தைரியத்தைத் தந்தார். இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு பூட்டிய அறையில் இருக்கலாம். நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது உங்களுக்கு எதிராக நிற்கிறவனின் பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் தினமும் வீராசாமிக்காக ஜெபிக்கிறேன். போன வாரம் மாத்தளை பஸ்ஸில் அவன் கூட்டத்தில் நுழைந்து எனக்கு இடம் பிடித்துத் தந்தான். இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தான். அவனுக்காக இன்னும் கொஞ்சம் ஜெபிக்க வேண்டும்.