ரயிலோடு ஓடிய அம்மா

தீம் பார்க்கின் வாசலில் ஒரு காவலாளி நின்று, உள்ளே போகிறவர்களின் பைகளையும் சட்டைகளையும் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதுதான் தாமதம், எங்கள் கம்பெனி ஆட்கள் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். செருப்புகளைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். செல்போனை அணைத்தார்கள். பீடி குடிக்கிற ஆண்கள் தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் தினமும் அப்படித்தான் நுழைய வேண்டும். வாசலில் ஒருவர் தடவுகிறார் என்றால் எங்கள் ஊர்க் கால்களிலிருந்து செருப்பு தானாக இறங்கிவிடும்.

“ஏன்மா எல்லாரும் செருப்பக் கழட்டுறீங்க, இது என்ன கோயிலா?” என்றார் காவலாளி.

“பழக்க தோசம்யா” என்று அம்மா சிரித்தாள். அந்த நாளின் முதல் சிரிப்பு அது. அதன்பிறகு ஒரே ஒரு தடவை தவிர அவள் சிரிப்பை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். அப்பா மருந்து கலக்கும் அறையில், அம்மா திரி அறையில். இரண்டுக்கும் நடுவே ஒரு பொட்டலும் ஒரு வேப்பமரமும் உண்டு. ஒருமுறை அப்பாவின் அறைக்கு ஆள் குறைந்தபோது, கூலி கூட வரும், புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து இருக்கலாம் என்று ஃபோர்மேன் அம்மாவைக் கூப்பிட்டாராம். “இவுக மூஞ்சிய வீட்டுல பாக்கது பத்தாதாக்கும்?” என்று அம்மா சொல்லிவிட்டாள். கம்பெனியில் அது வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. அம்மாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அவளுடைய சித்தி. வாய்த்துடுக்கும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான் என்பது அப்பாவின் கட்சி.

தீபாவளி சீசன் முடிந்து, கடைசி லோடும் போய், கம்பெனி மூச்சுவிடும் நாட்களில் வருசந்தோறும் ஒரு டூர் உண்டு. குற்றாலம், இல்லையென்றால் திருச்செந்தூர். அந்த வருசம் முதலாளியின் மகன் படிப்பை முடித்து வந்திருந்தார். பழைய இடத்துக்கே எத்தனை தடவைதான் போவது என்று மதுரைக்குப் பக்கத்தில் இருந்த தீம் பார்க்குக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ராட்டினத்தில் நான் நடுவில், ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அம்மா, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு வானத்துக்குப் போவது. இதுதான் என் திட்டம். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது.

வெளிச்சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றதும் கொண்டுபோன புளிச்சாதத்தை எல்லாம் வாசல் மரத்தடியிலேயே வட்டமாக உட்கார்ந்து காலிசெய்தோம். காலை இட்லி செரிப்பதற்குள் புளிச்சாதம். சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தை மட்டும் அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்தக் காவலாளியும் அங்கே தடவ மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே போனதும் என் திட்டத்துக்குக் குறுக்கே ஒரு கரடி கை நீட்டியது. ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் ஒரு பலகைக் கரடி. அதன் கை உயரம் இருந்தால்தான் ஏறலாம். நான் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன், கொண்டையை மேலே இழுத்துக் கட்டச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. கப்பல் ஊஞ்சல் கிடையாது, ராட்சச ராட்டினம் கிடையாது, தலைகீழாகப் போகும் ரயில் கிடையவே கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“விடுடி. நானும்தான் ஏறப் போறதில்ல. நாம ரெண்டு பேரும் கீழ நின்னு பாப்போம். நீங்க போயிட்டு வாங்க” என்று அம்மா அப்பாவை அனுப்பினாள்.

கீழே நின்று பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நான் முறைத்துக்கொண்டு நின்றேன். என்ன இல்லை என்பதுதான் கேள்வி என்று சற்று நேரத்தில் தெரிந்துபோனது.

முதலில், அம்மா ஒரு நடமாடும் கடையாக மாறினாள். மேலே ஏறுகிற கம்பெனி ஆட்கள் எல்லாம் கைப்பை, செல்போன், கண்ணாடி என்று அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் பல்செட்டையே கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். தோளில் இரண்டு பக்கமும் பைகள் தொங்க, யாருடைய கூலிங்கிளாஸையோ மூக்கில் மாட்டிக்கொண்டு அம்மா நின்ற நிற்பை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு பந்தயம். கப்பலில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் முதலில் கத்துவார்கள் என்று ஆளுக்கொருவரைக் காட்ட வேண்டும். ஜெயித்தால் ஒரு வாய் காராச்சேவு.

“அந்தா மீசைக்காரரு.”

“அவரா? அவரு எம்புட்டுப் பெரிய மீச வச்சிருக்காரு, கத்த மாட்டாரும்மா.”

“மீச கத்தாது, ஆளு கத்துவாரு. பாரு.”

கப்பல் இரண்டாவது வீச்சுக்கு மேலே போனதும் மீசைக்காரர் தன் அம்மாவைக் கூப்பிட்டார். நாங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தலைகீழ் ரயில் உச்சிக்கு ஏறி ஒரு நொடி அப்படியே நிற்கும். அப்போது அம்மா என் தோளை இறுக்கிப் பிடிப்பாள்.

“பேசாத... இந்தா... இந்தா... போச்சு!”

ரயில் விழும். மேலே இருப்பவர்களைவிட அம்மாதான் பலமாகக் கத்துவாள். பக்கத்தில் நிற்பவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். “திரியப் பத்த வச்ச பெறகு வெடிக்கிறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் இருக்குல்ல, அதாம்டி ருசி” என்பாள். திரி செய்கிறவளுக்குத் தெரியாததா? எனக்கும் அந்த ருசி பிடித்துப்போனது. ஓடி ஓடி ஒவ்வொரு ராட்டினத்தின் கீழும் நின்று கத்தினோம். தண்ணீரில் வந்து விழும் படகு எங்களைத் தலையோடு நனைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் காசு கொடுத்து நனைந்தவர்களைவிட நாங்கள் நன்றாகவே நனைந்தோம். கரடியை நான் மறந்தே போயிருந்தேன்.

மதியத்துக்குமேல் குட்டி ரயிலைப் பார்த்தோம். குளத்தைச் சுற்றி, ஒரு பொம்மை மலையின் குகைக்குள் நுழைந்து வெளியே வரும் ரயில். அங்கே கரடி இல்லை. எந்த உயரமானாலும் ஏறலாம். மறந்துபோன திட்டம் மறுபடி எனக்குள் துள்ளி எழுந்தது. அதுவும் எங்கள் முன்னாலேயே பேக்கிங் அறை அக்கா தன் வீட்டுக்காரரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அம்மா, நாம மூணு பேரும்!”

“அப்பாவோட போ. நான் கை காட்டுறேன்.”

அப்பாவோடு ஒரு சுற்றுப் போனேன். இறங்கியதும், “இப்ப மூணு பேரும்” என்றேன். அம்மா வந்து உட்கார்ந்தாள். அப்பா இறங்கிக்கொண்டார். அம்மாவோடு ஒரு சுற்றுப் போனேன். இரண்டு சுற்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெஞ்சில் என் ஒரு பக்கம் காலியாகவே இருந்தது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வரும்போது கம்பெனி ஆட்களுக்கு இரண்டு பஸ். அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில், அப்பா பின்னால் வந்த பஸ்ஸில். கல்யாண வீட்டுக்கு அப்பா போனால் அம்மா போகமாட்டாள், அம்மா போனால் அப்பா வீட்டில். ஒரே அறையில் வேலை பார்க்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்து, கடைசியில் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். எப்படியாவது இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று முடிவுசெய்தேன்.

அப்பாவின் காதில் போய், “வண்டி கெளம்பும்போது ஓடிவந்து ஏறுப்பா, அம்மாவ பயங்காட்டுவோம்” என்றேன். அப்பாவுக்கும் அன்றைக்கு நல்ல உற்சாகம். தலையை ஆட்டினார். அம்மாவிடம் இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சி ஏற்றினேன். மணி அடித்தது. ரயில் நகர்ந்தது. அப்பா ஓடிவந்து என் காலிப்பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் சொல்லிவைத்தது நடந்தேவிட்டது!

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அதுவரை நாள் முழுக்க இருந்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. என் விரல்களைப் பிரித்துவிட்டு, அத்தனை பைகளோடும் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிட்டாள்.

ஓடுகிற ரயில் என்றால் பயந்துவிட வேண்டாம். வயதானவர் நடக்கிற வேகம்தான். ஆனாலும் அங்கே நின்ற காவலாளி ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். “ஏறினா உக்காருங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்கம்மா!” நான் வாயைக் கோணிக்கொண்டேன். அவ்வளவுதான், இனி ஆளுக்கொரு ஊர் என்று நினைத்தேன்.

அம்மா தள்ளி நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமாக ரயிலோடு கூடவே ஓட ஆரம்பித்தாள்.

“ஏட்டி, அழுவாத! இங்கன பாரு! யாரு முதல்லன்னு பாப்போம்!”

பைகள் குதித்தன. கூலிங்கிளாஸ் மூக்கில் ஆடியது. காவலாளி விசிலோடு அவள் பின்னால் ஓடினார். ரயிலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்ட ஆரம்பித்தன. “அத்த, ஓடுங்க! அத்த, ஓடுங்க!” என்று யாருடைய பிள்ளையோ கத்தியது. பேக்கிங் அக்கா கரையில் நின்று விரலை மடக்கி விசில் அடித்தாள். நான் அழுகையை எப்போது விட்டேன், எப்போது கத்த ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த ரயிலோடு ஓடியது என் அம்மா ஒருத்திதான், அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான்.

ரயில் குகைக்குள் நுழைந்தது. இருட்டு. ஏதோ ஒரு பொம்மை உறுமியது. அப்பா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா ஏம்ப்பா எறங்கிட்டா?”

“நான் ஏறிருக்கக் கூடாதும்மா” என்றார் அப்பா. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

குகையின் மறுவாசலில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் அம்மா நின்றாள். மலையைச் சுற்றி ஓடி எங்களுக்கு முன்னால் வந்துசேர்ந்துவிட்டாள். மூச்சு வாங்க, தலை கலைந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு சிரித்தாள். காவலாளியும் பக்கத்தில் நின்றார். பாவம், அவரும் கை காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னுடைய சந்தோசத்தை அளக்க எந்தக் கரடியாலும் முடிந்திருக்காது.

திரும்பும்போதும் இரண்டு பஸ்தான். அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன். காராச்சேவின் தூள் மட்டும் மிச்சம் இருந்தது. விருதுநகர் தாண்டும்போது கேட்டுவிட்டேன்.

“அம்மா, அப்பா மேல கோவமா ஒனக்கு?”

“உங்கப்பா மேலயா?” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “அவுகள மாதிரி ஒரு மனுசன் கெடைப்பாகளா?”

“பெறகு ஏன் சேந்து ஏற மாட்டேங்குற?”

அம்மா பின்கண்ணாடி வழியாக, எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பஸ்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஒருத்தராச்சும் கீழ நிக்கணும்டி.”

“எதுக்கு?”

“ஒனக்குக் கை காட்ட ஆளு வேணாமா?”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. கை காட்ட ஆள் இல்லாமல் ராட்டினத்தில் ஏறி என்ன பிரயோசனம்? சண்டை இல்லை என்ற நிம்மதியில் அப்படியே தூங்கிப்போனேன். மறுநாள் வகுப்பில் நான் எதிலெல்லாம் ஏறினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அம்மா ஓடிய கதையைத்தான் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள்.

தை மாதத்தில் அம்மாவின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படையல் வந்தது. நான் பிறக்கும் முன்பே, அம்மா என்னைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டவர்கள். சுவரில் இருவரும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒரே மாலைதான். திதியும் இருவருக்கும் ஒரே நாள். மற்ற வீடுகளில் தாத்தாவுக்கு ஒரு நாள், பாட்டிக்கு ஒரு நாள் என்று இரண்டு தடவை வடை சுடுவார்கள், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு தடவையோடு முடிந்துவிடுகிறதே என்று வருசந்தோறும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த வருசமும் இலை முன்னால் உட்கார்ந்து, எப்போது வடையில் கை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். இவர்கள் இரண்டு பேராவது எங்கேயும் சேர்ந்தே போயிருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர்கள் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.