நான் துடுப்பு வாங்கிய கல்யாணம்

புதிதாக ஆயர் ஆகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பதினோரு வருஷம் கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் நான் பிரெஸ்பிடேரியன் சபையின் ஆயரானேன். மூன்றாம் வாரமே முதல் கல்யாணம். தென்பெண்ணைக்கு அக்கரையில் ஒரு சின்னக் கோயில். நாலு மணிக்கு ஆராதனை.

பஸ் வழியில் படுத்துக்கொண்டது. நான் ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி ஐந்தரை. சட்டப்படி சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு கல்யாணம் நடத்தக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை, மறுநாள் ஷிப்ட். அன்று தவறினால் அடுத்த லீவு கிறிஸ்துமஸுக்குத்தான்.

மேலே ஓசூர்ப் பக்கம் மழை. ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. பரிசல் ஓட்டும் நரசம்மா, என் வயதுக்காரர், தயாராக நின்றார். எனக்கோ தண்ணீரைக் கண்டதும் கை துறுதுறுத்தது. மதராஸில் படிக்கும்போது அடையாற்றில் போட் ரேஸ் ஜெயித்தவன் நான். துடுப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா தயங்கினார். நான் விடவில்லை.

ரேஸ் படகில் துடுப்பு போடுகிறவன் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். வழி பார்க்க ஒருவர் தனியாக இருப்பார். அந்தப் பழக்கத்தில் அக்கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓங்கி இழுத்தேன். வட்டப் பரிசல் பம்பரமாகச் சுற்றியது. இன்னும் பலமாக இழுத்தேன், இன்னும் வேகமாகச் சுற்றியது. சொன்னால் வெட்கம், எனக்கு அது ஆனந்தமாகவும் இருந்தது! அக்கரையில் கல்யாணக் கூட்டம் கூடவே ஓடிவருவதைப் பார்த்த பிறகுதான், வெள்ளம் எங்களைக் கீழே இழுத்துப்போவது உறைத்தது. கூட்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, கையில் கடிகாரத்தோடு.

நரசம்மா கத்தவில்லை. துடுப்பை வாங்கிக்கொண்டு, "மொகத்த அந்தாண்ட திருப்பிக் குந்துங்க சாமி. போற எடத்தப் பாக்காம எப்படிப் போறது?" என்றார்.

அக்கரையைப் பார்த்துக் குந்தி, முன்னாலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கமாக வாரி வாரி இழுத்தார். பரிசல் சொன்ன பேச்சு கேட்டது. கரையேறியபோது ஆறே முக்கால்.

ஈர அங்கியோடு கோயிலுக்கு ஓடினேன். எட்டுப் பக்கப் பிரசங்கம் பைக்குள்ளேயே கிடந்தது. பெண் குனிந்த தலையோடு அழுதுகொண்டிருந்தாள். "ஐயா, மொதல்ல தாலியக் கட்ட வுடுங்க" என்றார் அவள் அப்பா. உடன்படிக்கை, தாலி, ஜெபம். ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அவள் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிஜிஸ்டரில் சாட்சியாக நரசம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். வேறு மதத்துக்காரர் ஆயிற்றே என்று சிலர் முணுமுணுத்தார்கள். சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்றேன். பிறகு, 'திருமணத்தை நடத்தி வைத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷ ஊழியத்தில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.