முதலுதவிக்கு மட்டும் ஸ்பானிஷ்

வெள்ளிக்கிழமை மதியம் ஹவுராவில் இறங்கினேன். சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர் சொச்சம். மஞ்சள் டாக்சிக்காரர் அக்கா வீடு இருக்கும் டாக்குரியாவுக்கு நானூற்றைம்பது கேட்டார். பேரம் பேசும் அளவுக்கு எனக்குப் பெங்காலி வராது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். வசந்தா அக்காவும் அத்திம்பேரும் அடுத்த மாதம் ஸ்பெயினுக்குப் பன்னிரண்டு நாள் போவதாக இருந்தார்கள். செவில்யா என்ற ஊரில் தெருவெல்லாம் ஆரஞ்சு மரம் என்று எங்கோ பார்த்ததிலிருந்து அக்காவுக்கு அந்த ஆசை. கிளம்பும் முன் அவளைப் பார்த்துவிட்டு வரலாமென்று நான் போனேன்.

போன வருடம் அக்காவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அத்திம்பேர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மழை வருவதற்கு முன்பே குடையை விரித்துவிடுகிறவர். சால்ட் லேக்கில் ரூமா என்ற டீச்சரிடம் ஒரு மாதமாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தார். முழு பாஷையும் இல்லை, முதலுதவி கேட்க வேண்டிய வாக்கியங்கள் மட்டும்.

சனிக்கிழமை பத்து மணி வகுப்புக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். முதலுதவிப் பெட்டிக்கு ஸ்பானிஷில் பொத்திக்கீன் என்று பெயர். அத்திம்பேர் விடாப்பிடியாக “வொத்திக்கீன்” என்றார். நாற்பது வருடமாகக் கல்கத்தாவில் பெங்காலிகள் வசந்தாவைப் பசந்தா என்று கூப்பிடுவதைத் திருத்தித் திருத்தி, யார் ‘ப’ சொன்னாலும் அவர் காதில் ‘வ’வாகத்தான் விழுகிறது. நான் சிரித்துவிட்டேன், டீச்சரும் சிரித்தார்.

அடுத்து ஒத்திகை. டீச்சர் சோபாவைக் காட்டினார். அக்கா பழகியவள் போலப் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அத்திம்பேர் பதறிய குரலில், “மி எஸ்போசா சே ஆ தெஸ்மயாதோ” என்றார். என் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். உச்சரிப்பு சரியில்லையென்று டீச்சர் மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை அக்கா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“போறும்னா. ஒரு மாசமா நான் விழுந்துண்டே இருக்கேன். அந்த ஊர்ல போய் வேற என்ன பண்ணப் போறோம்னு சொல்ல உங்களுக்கு ஒரு வரி தெரியுமா?”

“உனக்காகத்தானேடி படிக்கறேன்.”

“தெரியும். அதைக் கேக்கக் கேக்கத்தான் பயமா இருக்கு. நான் வரலை.”

ஞாயிறு காலை காபி குடிக்கும்போது அத்திம்பேர் ஒரே ஒரு தடவை, “என்ன, வேண்டாமா?” என்றார். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பதினொரு மணிக்குள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, “ஒரு விதத்துல நல்லதுதான்டா” என்று என்னிடம் சொன்னார். அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எனக்கு வருத்தமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

திங்கள் பிற்பகல் இருவரும் ஹவுராவுக்கு வந்து என்னை வண்டியேற்றினார்கள். அத்திம்பேர் தண்ணீர் வாங்கப் போனார். ஜன்னலருகே நின்ற அக்கா சொன்னாள்:

“அன்னிக்கு கிளாஸ்லேர்ந்து கிளம்பறச்சே ரூமாகிட்ட ஒரு வரி கேட்டுண்டேன்டா. ‘இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா’ன்னு அந்த பாஷைல எப்படிச் சொல்றதுன்னு. அங்க போனா இவர் என்னை எங்கயும் நிக்க விடமாட்டாரே.”

“வரலைன்னு சொன்னப்புறமா கேட்டே?”

“இன்னொரு தரம் கூப்பிடுவார்னு நெனச்சேன்.”

அத்திம்பேர் பாட்டிலோடு வந்தார். பிளாட்பாரத்தில் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. “இந்தப் புழுக்கத்துல உனக்கு மூச்சு வாங்கும். வா, போலாம்” என்று அவள் கையைப் பிடித்தார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்து மெதுவாக, “நோஸ் கெதாமோஸ் உன் ராத்தோ மாஸ்?” என்றாள்.

“என்னது?”

“ஒண்ணுமில்லேன்னா. வாங்கோ.”

படியேறி இருவரும் மறைந்துபோனார்கள். வண்டி கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது.