மன்னாரிலேயே நான் இப்படித்தானா?

யுத்தம் முடிந்து, ஆலங்குடாக் கரைக்கு வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியிருந்த காலம். டொல்பின் காட்டப் படகோட்டுவது என் தொழில். வாய்க்குக் குறைவில்லை, எடுத்த காரியம்தான் முடியாது. 'காலில் சக்கரம், தலையில் காற்று' என்று கரையில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பெற்றோல் கானைக் கரையிலேயே மறந்து, பயணிகளோடு கடலில் நின்ற அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது. இனியும் இப்படியென்றால் படகு கிடையாது என்றுவிட்டார் முதலாளி.

மனைவி என்னை ஒரு மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா தூக்கம், கவலை என்று எல்லாம் விசாரித்தார். இரத்தமும் சோதிக்கச் சொன்னார். கவனக்குறைபாடு பெரியவர்களுக்கும் இருக்கலாம், ஆனால் அது சிறுவயதிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்றார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது மன்னாரை விட்டு இந்தப் பக்கத்து அகதி முகாமுக்கு வந்தோம்; அப்போது எனக்குப் பத்து வயது. முகாம் வாழ்க்கைதான் என் தலையைக் குழப்பியது என்பது வீட்டாரின் முடிவு. அதற்கு முன் நான் எப்படி? உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். சொல்லக்கூடியவர், எத்தாளையில் இருந்த என் மூத்த சகோதரி, ராத்தா மட்டும்தான். அடுத்த முறை அவரையும் வைத்தியரிடம் கூட்டிப்போனோம்.

வெளியாள் விசாரித்தால் பிள்ளையின் குறையைச் சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. கதிரையில் உட்கார்ந்ததுமே ராத்தா தொடங்கினார்.

"எங்கட தம்பி தங்கம் டொக்டர். சொன்ன வேலைய முடிக்காம சோத்துல கை வைக்க மாட்டான்."

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனைவிதான் பொறுக்காமல் சொன்னாள்:

"மதினி, இது மாப்பிள விசாரிக்க வந்த இடமில்ல. உள்ளதச் சொல்லுங்க."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், மடை திறந்தது. மண்ணெண்ணெய்க்கு அனுப்பினால் போத்தலைக் கடையில் வைத்துவிட்டு மாட்டுவண்டிக்குப் பின்னால் ஓடியது, குர்ஆன் ஓதும்போது பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனது, ஒற்றைச் செருப்போடு வீடு வந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

வைத்தியர் முன்னால் சாய்ந்து, இதெல்லாம் மன்னாரிலா, இங்கே வந்த பிறகா என்று கேட்டார்.

"மன்னார்ல தான் டொக்டர். இங்க வந்து புதுசா என்னத்தப் பழகினான், பெற்றோல் இல்லாமக் கடலுக்குப் போறதத் தவிர?"

இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் கவனக்குறைபாடு இருப்பதற்கான சாத்தியம் அதிகம், சிகிச்சை இருக்கிறது என்றார் வைத்தியர். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நான் சோம்பேறியும் இல்லை, முகாம் கெடுத்த பிள்ளையும் இல்லை! பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கெல்லாம் கேளாமலே கதை சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் படகோட்டுகிறேன். அன்று அந்த அறையில் ராத்தா என்னை விட்டுக்கொடுத்துப் பேசினாரே, அதைவிடப் பெரிய உதவியை இன்றுவரை எனக்கு யாரும் செய்ததில்லை.