சிற்பி வரைந்த கம்பளியின் பின்பக்கம்

கெஸ்ட் ஹவுஸில் ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவளின் பெயர், எல்லாம் சுத்தமாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது; குளியலறையில் ஒரு தலைமுடி கிடந்தால் டைரக்டர்வரைக்கும் தெரிந்துவிடும். இதே தொழிலில் இடுப்பு ஒடிகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் வாலிகண்டபுரத்திலிருந்து பஸ் பிடித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸுக்கு வேலைக்கு வருகிறவள். சூப்பர்வைசர் என்று பெயர். எனக்குக் கீழே செல்வி ஒருத்திதான். வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு கம்பளி தொங்கும். பெரிய கறுப்பு வட்டம், நடுவில் ஓட்டை, பக்கத்தில் வளைந்த சிவப்பு. போன நூற்றாண்டில் பேர் வாங்கிய ஒரு சிற்பி, கல்லை விட்டுவிட்டு இதை மட்டும் காகிதத்தில் வரைந்து கொடுத்தாராம். அதைப் பார்த்து நெசவாளர்கள் கம்பளி நூலில் நெய்தார்களாம். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் சொன்னது இவ்வளவுதான். கூடவே, அதில் ஒரு நூல் பிரிந்தாலும் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

ஏசி

சுண்ணாம்புக்கல் எடுக்க நிலம் கேட்டு, பக்கத்து ஊர் விவசாயி ஒருவரைக் கம்பெனிக்காரர்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பேச வேண்டிய அதிகாரி வரவில்லை. மனுஷர் வெறும் வேட்டி, துண்டோடு ஏசிக்கு நேர் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனபோது துண்டை இழுத்துப் போர்த்தியிருந்தார். டம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தவர், கோபமே இல்லாமல் கேட்டார்:

“ஏம்மா, குளுருறது எனக்கு. செவுத்துக்கு எதுக்கும்மா கம்பளி?”

போர்டு

அந்த விவசாயியைத் தவிர, அதுவரை அந்தக் கம்பளியை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மேனேஜருக்குத் திடீரென்று பயம் வந்து, ‘தொடாதீர்கள்’ என்று ஒரு போர்டு வைத்தார். அன்றிலிருந்து வருகிறவர், போகிறவர் எல்லோரும் தொட்டார்கள். ஒருவர் முறுக்குத் தின்ற கையோடு வட்டத்தின் ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். அது நெய்த ஓட்டை, விரல் போகாது. படித்தவர், பெரிய வேலையில் இருப்பவர். போர்டைப் பார்க்கவில்லையா என்று பணிவாகத்தான் கேட்டேன்.

“பாத்தேங்க. பாக்கலைன்னா நான் எதுக்குத் தொடப்போறேன்?”

அந்துப்பூச்சி

ஒருநாள் கம்பளி ஓரத்தில் அந்துப்பூச்சி தெரிந்தது. நானும் செல்வியும் பதறிப்போய் ஏணி போட்டுக் கழற்றி, வெயில் படாத இடத்தில் குப்புறப் போட்டோம். பின்பக்கத்தைப் பார்த்ததும் செல்வி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பட்டு முன்பக்கச் சிவப்பு செங்கல் தூள் மாதிரி ஆகியிருந்தது. பின்னால் அப்போதுதான் அரைத்த மிளகாய் மாதிரி எரிந்தது. அங்கங்கே நூல் முனைகள் தொங்கின. ஓரத்தில் உள்ளே மடித்திருந்த மடிப்பைப் பிரித்தால், சின்னதாக இரண்டு எழுத்து: ம, க.

நல்லவேளை, பூச்சி ஆழமாகப் போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் சிற்பியின் மகளே பார்க்க வருவதாக இருந்தது. வெளுத்துப்போன முன்பக்கத்தை நினைத்து மேனேஜருக்கு வியர்த்தது. கம்பளியைத் திருப்பி மாட்டச் சொன்னார். அவங்க வீட்டுப் பொருள், கண்டுபிடிச்சிடுவாங்களே சார் என்றேன்.

“வட்டம் எந்தப் பக்கம் பாத்தாலும் வட்டம்தாம்மா. மாட்டு.”

மகள்

சென்னையிலிருந்து வந்த அந்த அம்மா கம்பளி முன்னால் நின்றார். தொங்கிய நூல் முனைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். மேனேஜர் முகம் மாறியது. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டார்கள், நடவடிக்கை எடுக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

நான் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். என் மகளுக்குக் காலேஜ் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆனால் பக்கத்தில் செல்வியின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. மாட்டியது நாங்கள், மாட்டச் சொன்னது சார் என்றேன்.

அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. ஓரத்து மடிப்பு பிரிந்து தெரிந்த இரண்டு எழுத்தை விரலால் தடவினார். இதை நெய்தது இரண்டு பெண்கள் என்று தெரியும், பெயர்தான் யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“தறியில இந்தப் பக்கம்தான் நெய்யறவங்களப் பாத்து இருக்கும். வருஷக்கணக்கா அவங்க பாத்தது இதைத்தான். அப்பா தறிப் பக்கம் வந்ததே ரெண்டு தடவைதான்.”

பித்தளைத் தகடு

கம்பளி இப்படியே இருக்கட்டும், ஒரு பெயர்ப்பலகை வைத்து அதில் அந்த இரண்டு எழுத்தையாவது போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் ஆபீஸுக்கெல்லாம் போன் போட்டு, திருப்பி மாட்டியது தன் யோசனை என்று சொன்னார். என் மேல் எடுக்க இருந்த நடவடிக்கையை மறந்தே போனார்.

பத்து நாளில் பித்தளைத் தகடு வந்தது. மேலே சிற்பியின் பெயர், அடுத்து டைரக்டரின் பெயர், கீழே ‘காட்சி அமைப்பு’ என்று மேனேஜரின் பெயர். எழுத்துகளை மட்டும் காணோம். இந்தத் தடவை பயப்படாமலே போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“வெறும் ரெண்டு எழுத்தப் போட்டா அச்சுப் பிழைன்னு நெனச்சுக்குவாங்கம்மா.”

கம்பளிக்கு வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும், தகட்டுக்குத் தினமும் பாலிஷ் போட வேண்டும் என்பது இப்போது எங்களுக்கு வந்திருக்கும் உத்தரவு.