அளக்காமல் அரைத்த சாறு

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். தஞ்சாவூர் மருத்துவமனையில் அவனுக்கு நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்து, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்று மருத்துவர் சொன்னார். சுடுகாட்டுப் பூ என்று எங்கள் ஊரில் எவரும் வீட்டில் வளர்க்காத செடி அது. நான் வியந்தேன்; அப்பா செடியின் பெயரை இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது, தம்பியின் உதட்டருகே அப்பா ஒரு தம்ளரைப் பிடித்திருந்தார். அதில் பச்சைச் சாறு இருந்தது.

"ஆத்தங்கரை சுடுகாட்டுல பறிச்சு அரைச்சேம்மா. டாக்டர் சொன்ன அதே செடிதான்."

செவிலியர் ஓடிவந்து தம்ளரைப் பிடுங்கினார். "செடி அதேதாங்க. ஆனா மருந்தை மட்டும் தனியாப் பிரிச்சு, இவன் உடம்புக்குத் தக்கபடி அளந்து போடுறோம். இதுல என்ன, எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? உள்ளே போயிருந்தா விஷங்க!"

நான் தம்பியின் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். "குடிச்சியாடா?"

"நாறுச்சுக்கா. வாயையே தொறக்கல."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "பயிருக்கு அடிக்கிற மருந்தையே மூடியால அளந்துதான் ஊத்துவேன். எம்புள்ளைக்கு அளக்கலையே."

அவர் காலில் ஆற்றங்கரைச் சேறு இன்னும் காயவில்லை. சொல்ல வந்த கடுஞ்சொல்லை நான் சொல்லவில்லை.